குறைந்த புத்தகங்களின் கணக்கு

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெறும் எவருக்கும் மாலையும் பொன்னாடையும் ஒரு தட்டுப் பழமும் உண்டு. நூலகருக்கு அவற்றோடு இருப்புச் சரிபார்ப்பும் உண்டு. ஓய்வு நாளுக்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கி, தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு நூலும் அலமாரியிலோ வாசகர் கையிலோ இருக்கிறது என்பதை அவர் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும். காட்டினால்தான் நிலுவையின்மைச் சான்று கிடைக்கும்; அந்தச் சான்று இருந்தால்தான் பணிக்கொடையும் ஓய்வூதியக் கருத்துருவும் தடையின்றி நகரும். காவிரியின் கடைமடைப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்தின் கிளை நூலகத்திலிருந்து 2023 ஜூன் இறுதியில் நான் ஓய்வு பெற்றேன். வாழ்த்துரைகளில் என்ன சொன்னார்கள் என்பது பெரும்பாலும் மறந்துவிட்டது. இருப்பில் குறைந்த நூல்களின் பட்டியல் மட்டும் இன்னும் வரிசை மாறாமல் நினைவில் நிற்கிறது.

1989இல் மூன்றாம் நிலை நூலகராகச் சேர்ந்த நாளிலிருந்தே என்னைத் தொடர்ந்து வந்த ஒரு முரண்பாடு, அந்தக் கடைசி மாதங்களில்தான் முழு உருவத்தோடு எதிரே வந்து நின்றது. புத்தகத்தைக் கொடுப்பதற்காக எனக்குச் சம்பளம் தந்தார்கள். ஆனால், கொடுக்காமல் வைத்திருந்தால்தான் நான் எந்தத் தொல்லையும் இல்லாமல் வீடு போய்ச் சேர முடியும். இந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் செய்வார்கள். வெளியே யாரும் சொல்வதில்லை. ஓய்வு பெற்றுவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

சரிபார்ப்பு எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வாசகர்களில் பலர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலும் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணோடு ஏறியிருக்கும். எங்கள் நூலகத்தில் அந்த எண் முப்பதாயிரத்தைக் கடந்திருந்தது. ஒருவர் அலமாரியிலிருந்து நூலை எடுத்து முத்திரைக்குள் எழுதியிருக்கும் எண்ணைப் படிப்பார். இன்னொருவர் எல்லா எண்களும் எழுதிய பெரிய தாளில் அந்த எண்ணைக் கோடிட்டு அடிப்பார். தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருந்தால், ஒவ்வொரு நூலிலும் குறிப்பிட்ட ஓர் உள்பக்கத்தில் நாங்கள் இடும் முத்திரையைத் தேடிப் பார்க்க வேண்டும். இரவல் போயிருக்கும் நூல்களை வழங்கல் மேசையிலுள்ள நூலட்டைகளைக் கொண்டு அடிக்க வேண்டும். முடிவில் அடிபடாமல் எஞ்சும் எண்களே குறைந்த நூல்கள். முதல் சுற்றில் அந்தப் பட்டியல் அச்சமூட்டும் அளவுக்கு நீளமாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளில் மெல்லச் சுருங்கும். அலமாரிக்குப் பின்னால் விழுந்தவை, வரலாற்றுக்குள் புகுந்துகொண்ட வேளாண்மை நூல்கள், பைண்டிங்குக்கு அனுப்பி மறந்துபோனவை என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. அந்தக் கடைசி மாதங்களில் வெள்ளிக்கிழமைகளில்தான் நூலகத்தில் மிக அதிகமான வேலை நடந்தது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒளித்து வைத்த நூல்கள் தனி வகை. அவர்கள் திருடுவதில்லை. பொது அறிவு நூலையோ பழைய சமச்சீர்ப் பாடநூலையோ இன்று மாலை வரை படித்துவிட்டு, நாளைக் காலையில் தமக்கே அது கிடைக்க வேண்டும் என்பதற்காக, யாரும் தொடாத ஒரு தொகுப்பு வரிசைக்குப் பின்னால் செருகிவிட்டுப் போவார்கள். குரூப் 4 தேர்வு முடிந்த மறுவாரம் ஆன்மிகப் பகுதியின் பின்வரிசையை இழுத்துப் பார்த்தால் இந்திய அரசியலமைப்பு முழுவதும் அங்கே கிடக்கும். ஒளித்து வைப்பதற்கு எந்த அலமாரி பாதுகாப்பானது என்று அவர்கள் தேர்ந்தெடுத்த விதமே, எந்த நூல்களை ஊரில் யாரும் படிப்பதில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த மிக நம்பகமான ஆய்வு.

இந்த இடத்தில் விதிகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென்று ஒரு விதி உண்டு. 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் 194ஆம் விதியாக இருந்தது, 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 215ஆம் விதியாக இடம் மாறியது. இருபதாயிரம் நூல்கள் வரை உள்ள நூலகத்தில் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, ஐம்பதாயிரம் வரை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் முழுச் சரிபார்ப்பு, அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு என்று அது வகுத்திருக்கிறது. அதைவிட முக்கியமானது அடுத்து வரும் வாசகம். ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது நூலகத்திலேயே எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல்கள் வரை குறைவது, அதற்கு நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமில்லை என்றால், இயல்பான இழப்பே என்று அது ஏற்றுக்கொள்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், விலை எதுவானாலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதை எழுதியவர் யாரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒரு நூலகத்தின் வழங்கல் மேசையில் சில காலமாவது உட்கார்ந்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும். இழப்பை இருப்போடு ஒப்பிடாமல் வழங்கலோடு ஒப்பிட்டாரே, அதில்தான் விதியின் அறிவு இருக்கிறது. ஆண்டுக்கு இருபதாயிரம் முறை நூல் வழங்கும் நூலகத்தில் நூறு நூல்கள் குறையலாம். ஆயிரம் முறை மட்டுமே வழங்கும் நூலகத்தில் ஐந்துதான் குறையலாம். அதிகமாகப் புழங்கினால் அதிகமாகத் தேயும் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதிய கணக்கு அது. ஆனால் அந்த விதி மத்திய அரசின் அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. நான் பார்த்து வளர்ந்த நடைமுறையில், நூல் குறைந்தால் பொறுப்பாளர் விலையைக் கட்ட வேண்டும். எத்தனை நூல்கள் வழங்கினீர்கள் என்ற கேள்வியே அந்தப் பேச்சில் எழாது.

எழாததன் விளைவு என்ன என்பதை என் பணிக்காலம் முழுவதும் சக நூலகர்களிடம் பார்த்தேன். நல்ல நூல்கள் வந்தவுடன் கண்ணாடி அலமாரிக்குள் போய்விடும், சாவி மேசை இழுப்பறையில் இருக்கும். விலையுயர்ந்த நூல்களின்மேல் 'நோக்கீட்டுக்கு மட்டும்' (இரவல் இல்லை) என்ற முத்திரை விழும். புதிய உறுப்பினர் வந்தால் முதல் ஆறு மாதத்துக்கு அட்டை கிழிந்த நாவல்கள்தான் கொடுக்கப்படும். இவற்றைச் செய்தவர்கள் சோம்பேறிகளோ புத்தகத்தை வெறுப்பவர்களோ அல்லர். அவர்களில் சிலர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். தங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணிக்கொடையை ஒரு கலைக்களஞ்சியத்தின் நான்காம் தொகுதிக்காகத் தடுத்து நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் இருந்தவர்கள், அவ்வளவுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூலகராக இருந்த ஜான் சிப்லியைப் பற்றி நூலகர்கள் சொல்லிச் சிரிக்கும் ஒரு கதை உண்டு. ஒருநாள் அவர் மிகுந்த மகிழ்ச்சியோடு வளாகத்தில் நடந்து போனாராம். என்ன செய்தி என்று கேட்டவரிடம், இருப்பெடுப்பு முடிந்துவிட்டது, இரண்டு நூல்களைத் தவிர எல்லாம் உள்ளே இருக்கின்றன, அந்த இரண்டும் இயற்கையியலாளர் அகாசிஸிடம் இருக்கின்றன, அவற்றை வாங்கத்தான் போகிறேன் என்றாராம். நடந்ததோ இட்டுக்கட்டியதோ, நூலக அறிவியல் வகுப்பில் இதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பணியில் சேர்ந்து முதல் சரிபார்ப்பைச் சந்தித்த பிறகு எனக்கு சிப்லியின்மேல் கொஞ்சம் பரிவு வந்துவிட்டது.

அதே வகுப்பில்தான் எஸ். ஆர். இரங்கநாதனின் ஐந்து விதிகளையும் மனப்பாடம் செய்தோம். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளரும் உயிரி. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த இரங்கநாதன், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆள் அரவமற்ற அந்த வேலை அவருக்குச் சில நாட்களிலேயே சலித்துவிட்டது; தன்னைக் கல்லூரிக்கே திரும்ப அனுப்பிவிடும்படி கேட்டார். லண்டனுக்குச் சென்று படித்துவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போகலாம் என்று சமாதானம் சொன்னார்கள். அங்கே எல்லாத் தரப்பு மக்களும் புழங்கும் பொது நூலகங்களைக் கண்டு மனம் மாறித் திரும்பியவர், பிறகு கணித வகுப்பு பக்கமே போகவில்லை. 1931இல் ஐந்து விதிகளை நூலாக எழுதியபோது, முதல் விதிக்கான அத்தியாயத்தில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த வழக்கம். காப்பது முதன்மையாக இருந்த காலம் போய்ப் பயன்படுத்துவது முதன்மையாகும் காலம் வந்துவிட்டது என்பது அவருடைய வாதம். வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் புரட்டும் திறந்த அடுக்கு முறையை அவர் அவ்வளவு உறுதியாக ஆதரித்ததும் அதனால்தான்.

அதே 1931இல், மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில், எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தை ஓடவிட்டார். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, ஆகவே சொல்லாமல் விட மனம் வரவில்லை. வண்டிப் பாதைகூடச் சரியாக இல்லாத ஊர்களுக்கு மாடு பூட்டிப் புத்தகம் கொண்டு போனவர்கள், அதில் எத்தனை திரும்பி வராது என்று யோசித்திருந்தால் வண்டியைப் பூட்டியே இருக்க மாட்டார்கள்.

1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன் அடித்தளம் நூலக வரி. இன்றைக்கு ஊரில் வீடு வைத்திருப்பவர் செலுத்தும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்கென்று சேர்த்து வாங்கப்படுகிறது. வாசகர் என் மேசைக்கு வந்து தயங்கித் தயங்கி ஒரு நூல் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்துக் காசு நினைவுக்கு வரும். அவர் இரவல் கேட்பது அவருடைய பணத்தில் வாங்கிய நூலைத்தான். ஆனால் அது தொலைந்தால் கணக்கில் அது என்னுடைய கடன்.

இனி, குறைந்த நூல்களைப் பற்றி. அவை எப்படிப் போயின என்பது எனக்குப் பெரும்பாலும் தெரியும். தெரிந்ததை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை. ஒரு லாரி ஓட்டுநர் இருந்தார். வட இந்தியாவுக்கு நடை போகும்போது மூன்று நூல்கள் எடுத்துச் செல்வார். சரக்கு இறக்கக் காத்துக் கிடக்கும் நேரத்தில் படிப்பார். திரும்பும் நூல்களில் டீசல் வாடை அடிக்கும். ஒருமுறை, "மேடம், நாக்பூர்ல ஒரு தாபாவுல வச்சிட்டு வந்துட்டேன். அடுத்த நடைக்கு அந்தப் பக்கம் போனா கேட்டுப் பாக்குறேன்" என்றார். கேட்டும் பார்த்தார், கிடைக்கவில்லை. விலையைக் கட்டுகிறேன் என்று அவரே முன்வந்தார். அந்த நூல் மறுபதிப்பு வராததால், பணத்தை வாங்கிக்கொண்டேனே தவிர, நூலை ஈடு செய்ய முடியவில்லை. அவர் எங்கள் நூலகத்தில் எடுத்துப் படித்தவை ஒரு சிறிய வீட்டு நூலகத்தையே நிரப்பும். அந்த ஒரு நூலுக்காக அவருக்கு அட்டையை மறுத்திருந்தால் என் கணக்கு நேராக இருந்திருக்கும்.

ஒரு பெண் கையிலிருந்த மூன்று நூல்களோடு கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாள். நினைவூட்டுக் கடிதம் போனதும் அவளுடைய அம்மா ஓடிவந்து, "அவ பெட்டியோட போயிருச்சும்மா, தீபாவளிக்கு வரும்போது கொண்டாரச் சொல்றேன்" என்றார். தீபாவளிக்கு இரண்டு நூல்கள் வந்தன. மூன்றாவதை அவளுடைய மாமியார் படித்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். முடித்ததும் அனுப்புவதாகச் சொன்னார்கள். அது வரவே இல்லை. இரங்கநாதனின் மூன்றாவது விதியின் கண்ணோடு பார்த்தால் ஒரு நூல் தன் வாசகரைத் தேடிக்கொண்டு திருப்பூர் வரை சென்றிருக்கிறது. இருப்புப் பதிவேட்டின் கண்ணோடு பார்த்தால் ஓர் எண் அடிபடவில்லை.

இறந்துபோன வாசகர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்பது பெரிய சங்கடம். பதினாறு நாள் காரியம் முடியும் வரை நான் போனதில்லை. சில வீடுகளில் பிள்ளைகள் தேடி எடுத்துத் தருவார்கள். சில வீடுகளில் பழைய தாள் வாங்குபவருக்கு எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டிருப்பார்கள். எங்கள் முத்திரை குத்திய நூல்களைத் தஞ்சாவூரில் பழைய புத்தகக் கடைகளில் நானே விலை கொடுத்து மீட்டு வந்திருக்கிறேன். கடைக்காரருக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. லைப்ரரி முத்திரை இருந்தால் நல்ல புத்தகமாகத்தான் இருக்கும் என்று ஒரு ஐந்து ரூபாய் கூடுதலாகவே கேட்பார்.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்து நூலகங்கள் மூடப்பட்டபோது, இரவல் போயிருந்த நூல்கள் எல்லாம் மாதக்கணக்கில் வீடுகளிலேயே தங்கிவிட்டன. மீண்டும் திறந்த பிறகு கணிசமானவை வந்தன. வராதவற்றில் சிலவற்றைக் கேட்டுப் போன வீடுகளின் நிலைமை, புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடிய நிலைமையாக இல்லை. நான் பேசாமல் திரும்பிவிட்டேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் கட்டடத்தின் பின்பக்கத்து ஓட்டுக்கூரை பறந்தது. அந்த அறையில் இருந்த நூல்கள் ஊறிப் பருத்து, அலமாரியிலிருந்து பிடுங்கி எடுக்க முடியாதபடி ஒன்றோடொன்று இறுகிக்கொண்டன. மின்சாரம் வர நாட்களாயின. வந்ததும், வாசகர்களாக இருந்த கல்லூரிப் பிள்ளைகள் மின்விசிறிக்கு அடியில் நூல்களை விரித்து வைத்துத் தாள் தாளாகப் புரட்டிக் காயவைத்தார்கள். வழவழப்பான தாளில் அச்சிட்ட நூல்கள் பாளமாக ஒட்டிக்கொண்டன, பழைய சாதாரணத் தாளில் அச்சிட்டவைதான் பிழைத்தன. பூஞ்சை பிடித்தவற்றை ஒதுக்கிப் பட்டியலிட்டு, படம் எடுத்து, நீக்கம் செய்ய அனுமதி கேட்டேன். அனுமதி கிடைத்தது. புயலில் போன நூலுக்கு விதியில் இடம் இருக்கிறது. கரையான் அரித்ததற்கும் ஓரளவு இருக்கிறது. மனிதர்கள் படித்ததால் போன நூலுக்குத்தான் இடமில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொன்னால்தான் இந்தக் கணக்கின் விசித்திரம் முழுமையாக விளங்கும். பிளேடால் பக்கங்களை வெட்டி எடுத்துவிட்ட நூல், அட்டையும் எண்ணும் இருக்கும் வரை, சரிபார்ப்பில் 'இருக்கிறது' என்றே அடிபடும். கோலப் புத்தகங்கள், சமையல் குறிப்புகள், தேர்வு வினாத்தாள் தொகுப்புகள் ஆகியவற்றில் பாதி அப்படிப்பட்ட எலும்புக்கூடுகள்தான். யாருமே எடுக்காத நூல்களோ நூற்றுக்கு நூறு இருக்கும். நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது பக்கங்களை அச்சுப் படிவக் கணக்கில் எண்ணி, அளவையும் தாளையும் பார்த்து விலை நிர்ணயிக்கும் முறையைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். அந்த முறைக்கு என்றே பருமனாக வளர்க்கப்பட்ட நூல்களை, இரவல் தேதி குத்தும் நாள் தாளில் ஒரு தேதிகூட விழாமல், வந்த பளபளப்போடு அப்படியே ஒப்படைத்தேன். சரிபார்க்க வந்தவர்கள் அந்த அலமாரியைப் பார்த்து, "இந்தப் பகுதி ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்று பாராட்டினார்கள். நான் நன்றி சொல்லிக்கொண்டேன்.

விலையும் அப்படித்தான். என் பட்டியலில் குறைந்தவற்றுள் எழுபதுகளில் நான்கு ரூபாய்க்கு வெளிவந்த ஒரு சிறுகதைத் தொகுப்பு இருந்தது. இன்று எங்கு தேடினாலும் கிடைக்காது. கணக்கில் அதன் இழப்பு நான்கு ரூபாய். புதிய பதிப்பு வந்ததும் காலாவதியான ஒரு தேர்வு வழிகாட்டியும் குறைந்திருந்தது. அதற்கு அறுநூறு ரூபாய்க்கு மேல். கடைசிச் சுற்றுக்குப் பிறகும் எஞ்சிய எண்களுக்கெல்லாம் விலையைக் கணக்கிட்டு, முழுவதையும் செலுத்தி, ரசீதைக் கருத்துருவோடு இணைத்தேன். தொகை என்னால் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. தாங்க முடியாத தொகையைச் செலுத்தியவர்களையும், தணிக்கைத் தடை நீங்காமல் ஓய்வுக்குப் பின் ஆண்டுகளாக அலைந்தவர்களையும் நான் அறிவேன். அவர்களில் இருவர் தங்கள் நூலகத்தைத் தங்கள் வட்டாரத்திலேயே அதிகம் நூல் வழங்கும் நூலகமாக வைத்திருந்தவர்கள்.

எனக்குக் கிடைத்த கூடுதல் இரண்டாண்டுகளும் இந்தக் கணக்கில் உதவின என்றே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அந்த இரண்டாண்டுகளில் பழைய நிலுவைகளில் பாதியைத் தேடிப் பிடித்துவிட்டேன். 2020 ஏப்ரல் கடைசியில் ஓய்வு பெற்ற என் தோழிக்கு அந்த வாய்ப்பு ஒரு மாதத்தில் தவறியது. ஊரடங்கு நடுவே மாலையும் இல்லாமல், சரிபார்க்க வர ஆளும் இல்லாமல், சாவிக் கொத்தை ஒரு உறையில் போட்டு ஒட்டி ஒப்படைத்துவிட்டு வந்தாள். சரிபார்ப்பு அதற்கப்புறம் அவள் இல்லாமலேயே நடந்தது. தன் கண்ணெதிரே எண்ணப்படாத நூல்களுக்குத் தான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று அவள் எழுப்பிய கேள்வி நியாயமானது. பதில்தான் வரவில்லை.

இரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகி, 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்று, அங்கிருந்த ஒரு லட்சம் நூல்களுக்கு ஏறக்குறையத் தனி ஆளாகப் பகுப்பெண் (பொருள்வாரியாக அடுக்க உதவும் எண்) இட்டார் என்பார்கள். எனக்கு அவ்வளவு வீரம் இல்லை. ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் நான் செய்த ஒரே நூலகக் காரியம், காப்புத்தொகை கட்டி, நான் பணியாற்றிய நூலகத்திலேயே உறுப்பினராகச் சேர்ந்தது. அதற்கு முன் நான் உறுப்பினராக இருந்ததில்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது, ஒரு சாதாரண விஷயம் புதிதாகத் தெரிந்தது: வாசகருக்கு அலமாரியின் மேல்தட்டு எட்டுவதில்லை. அங்கே நாங்கள் நாற்காலி போட்டு ஏறி அடுக்கியவற்றையெல்லாம் என்னைப் போன்ற உயரமுள்ளவர்கள் யாரும் இத்தனை காலமும் படித்திருக்க வழியே இல்லை. புதிதாக வந்திருக்கும் நூலகரிடம் சொன்னேன். மறுவாரமே மேல்தட்டுக் கவிதைகளைக் கீழே இறக்கிவிட்டு, அங்கே பழைய அறிக்கைகளை ஏற்றிவிட்டார். நல்ல பையன்.

அதே மாதம், ஜூலை 15 அன்று, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கும் மேற்பட்ட கட்டடம். பார்க்கப் போயிருந்தேன், குழந்தைகள் பகுதியில் பிள்ளைகள் தரையில் உருண்டுகொண்டு படிப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. 2010இல் சென்னைக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் வந்தபோதும் அப்படித்தான் மகிழ்ந்தேன். ஆனாலும் பெரிய நூலகங்களைப் பார்க்கும்போது தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கும் மதுரைக்கும் பயணம் போய் வர முடியாத ஒரு தையற்கலைஞரோ மளிகைக் கடைப் பையனோ நூலை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடிய இடம் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும்தான்; அங்கே உட்கார்ந்திருப்பவர் அச்சமில்லாமல் கொடுக்கும்படி செய்வதற்குக் கட்டடம் எதுவும் தேவையில்லை, ஒரு பக்க ஆணை போதும்.

அந்த ஒரு பக்கத்தைத்தான் இப்போது ஓய்வு பெற்ற நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். மத்திய அரசு விதியில் உள்ளதைப் போல், வழங்கிய ஆயிரத்துக்கு ஐந்து என்ற அளவை இங்கும் ஏற்க வேண்டும் என்பதே விண்ணப்பம். வாசகங்கள் எழுதுவதில் சிரமம் இல்லை. அலுவலகக் கடிதம் எழுதியே கழிந்த வாழ்க்கை. சிக்கல் புள்ளிவிவரத்தில் வந்தது. எந்த ஆண்டில் எந்த நூல் குறைந்தது என்பதற்கு முப்பது, நாற்பது ஆண்டு ஆவணங்கள் எங்களிடம் இருக்கின்றன, ஏனெனில் இருப்புப் பதிவேடு அழிக்கக் கூடாத நிரந்தரப் பதிவேடு. எந்த ஆண்டில் எத்தனை நூல்கள் வழங்கினோம் என்பதைக் காட்டும் அன்றாட வழங்கல் பதிவேடுகளோ, இடம் அடைக்கின்றன என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கழிக்கப்பட்டுவிட்டன. நானே என் காலத்தில் அப்படிப் பல கட்டுகளை முறைப்படி கழித்து, எடைக்குப் போட்டு, வந்த தொகையைக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். தோழியின் வீட்டுப் பரணில் அவள் அனுப்பிய மாதாந்திர அறிக்கைகளின் கரித்தாள் நகல்கள் சில ஆண்டுகளுக்கு இருக்கின்றன. எழுத்து மங்கியிருக்கிறது, எண்கள் தெரிகின்றன. செவ்வாய்க்கிழமைகளில் அவள் வீட்டில் உட்கார்ந்து அவற்றைக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை 1997 முடிந்திருக்கிறது.